காட்டுத்தீக்குப் பிறகு நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் உதவப் போகிறேன்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வேப்பமரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மெல்பர்னின் வடக்கு ஓரத்தில் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் வெறும் புல்வெளி. நவம்பர் பிறந்ததும் அது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். வடக்கிலிருந்து காற்று சுடச்சுட அடிக்கிற நாளில் எங்கள் மணி (ஒன்பது வயது நாய்) கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். எனக்கும் அன்று வேலை ஓடாது.

போன வாரம் எங்கள் பகுதியில் தீக்காலத் தயாரிப்புக் கூட்டம் நடந்தது. நிவாரண முகாமுக்கு வளர்ப்பு விலங்குகளோடு வருகிறவர்களுக்கு உதவ ஆள் தேவை என்றார்கள். கையைத் தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசனை பிடித்துக்கொண்டது. எனக்கு மருத்துவம் தெரியாது. காயம்பட்ட நாயைத் தூக்கத் தெரியாது. வீட்டை இழந்து நிற்பவரிடம் என்ன பேசுவது என்றும் தெரியாது. இந்த மாதிரி வேலைக்குப் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உண்மையில் அங்கே என்ன வேலை இருக்கும்?

நெடுஞ்சாலை

பேர் கொடுத்தது நல்ல காரியம். பயப்படாதீர்கள். நான் 2020 ஜனவரியில், பெரிய காட்டுத்தீயின்போது, நம் விக்டோரியா மாநிலத்தின் கிழக்கு ஜிப்ஸ்லாந்தில் ஒரு முகாமில் இரண்டு வாரம் இருந்தேன். எனக்கும் மருத்துவம் தெரியாது. நான் செய்த வேலையைச் சொல்கிறேன், அதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

ஊர் மண்டபத்துக்குள் கட்டில் போட்டிருந்தார்கள். சாப்பாடு, குளியல், மருந்து எல்லாம் அங்கேதான். ஆனால் நாய்க்கு அனுமதி இல்லை. அதில் தப்பு சொல்ல முடியாது. அங்கேயே சமைக்கிறார்கள், ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள், நாயைக் கண்டால் நடுங்குகிற குழந்தைகளும் இருக்கிறார்கள். விளைவு என்னவென்றால், வெளியே கார் நிறுத்தத்தில் முப்பது நாற்பது வண்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மனிதரும் ஒரு நாயும். எண்பது வயதைத் தொடுகிற ஒரு பெரியவர் தன் யூட் வண்டியின் முன்சீட்டில் கெல்பி (ஆடு ஓட்டுகிற இனம்) நாயோடு இரண்டு இரவு உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். இருவருக்கும் இருமல். உள்ளே அவருக்குக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது. "அவள் எங்கேயோ நானும் அங்கே" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்தில் ஊர்க் கண்காட்சித் திடல். கண்காட்சிக்கு மாடு கட்டும் கொட்டகைகள் அங்கே காலியாக இருந்தன. அவற்றைக் கழுவி, நாய்க்கு ஒன்றாகத் தடுத்து, நிழல் வலை கட்டி, தண்ணீர் வைத்தோம். அப்படியும் அந்தப் பெரியவர் விடவில்லை. அப்போது எங்கள் குழுவிலிருந்த ஒரு அம்மா சொன்னார், "நான் இரவு முழுக்க இதே நாற்காலியில் இருப்பேன். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்." முதல் இரவு அவர் மணிக்கு ஒரு தடவை டார்ச்சோடு வந்தார். அடுத்த இரவு இரண்டு தடவை. மூன்றாம் இரவு வரவேயில்லை, விடிந்து ஏழரைக்குத்தான் வந்தார். சவரம் செய்திருந்தார்.

இதுதான் வேலை. இரவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. எந்த நாய் யாருடையது, எந்தக் கொட்டகையில், என்ன மருந்து, யார் வந்து கூட்டிப் போனார் என்று நோட்டில் எழுதுவது. சாணி அள்ளுவது, தண்ணீர் மாற்றுவது. மின்கம்பியிலும் இடுப்பு பெல்ட்டிலும் நாயைக் கட்டி இழுத்து வந்தவர்களுக்கு ஒரு கழுத்துப்பட்டையும் கயிறும் கொடுப்பது. அப்புறம், நாயைப் பற்றிக் கேட்பது. அங்கே யாரிடமும் "வீடு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "இவன் பேர் என்ன?" என்று கேளுங்கள். பேச்சு அங்கே தொடங்கும். வீட்டுக் கதை தானாக வரும்.

கால்நடை_மருத்துவச்சி

நெடுஞ்சாலை சொன்னதோடு என் பங்குக்கு மருத்துவம். வேப்பமரம், நீங்கள் சிகிச்சை செய்யப் போவதில்லை. ஆனால் எதைப் பார்த்ததும் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

காட்டுத்தீ நாய்களில் அதிகம் அடிபடுவது பாதம். நெருப்பு கடந்து போன பிறகும் மரத்தின் வேர் நிலத்துக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெறும் சாம்பல்தான் தெரியும். அதில் கால் வைத்தால் உள்ளே தணல். நாயும் விழும், மனிதரும் விழுவார். பாதத்தை ஓயாமல் நக்குகிறதா, தரையில் வைத்து வைத்து எடுக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் சும்மா சிவந்த மாதிரி தெரிகிற தோல் மூன்றாம் நாள், நான்காம் நாள் உரியும். தீப்புண்ணின் ஆழம் உடனே தெரியாது. அதனால் "நேற்று பார்த்தாயிற்றே" என்று விடாமல் தினமும் காட்டச் சொல்லுங்கள்.

புதிய புண் என்றால் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம். நம் ஆட்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மஞ்சள், நெய், பற்பசை எதையும் தடவாதீர்கள். அன்போடு பூசிவிட்டுத்தான் கொண்டு வருகிறார்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் அந்த நாய் படுகிற வேதனை எங்களுக்குத்தான் தெரியும். வீட்டில் இருக்கிற வலி மாத்திரையும் கொடுக்கக் கூடாது. ஐபுபுரோஃபென் நாய்க்கு விஷம். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

புகை இன்னொரு கதை. தீயிலிருந்து வந்த அன்று நன்றாக ஓடியாடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ மூச்சு வாங்கத் தொடங்கும். தூங்குகிற நாயின் விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் போனால் எங்களுக்குச் சொல்லுங்கள். ஈறு செர்ரிப் பழம் போலச் சிவந்திருந்தாலும் ஓடி வாருங்கள், அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். கண்ணைச் சுருக்கினால் சாம்பல் உரசிக் கருவிழி புண்ணாகியிருக்கலாம்.

எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். குனிந்து முகத்துக்கு நேரே போகாதீர்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், அது வரட்டும்.

தென்றல்78

மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009 பிப்ரவரி 7 அன்று நான் மெல்பர்னில்தான் இருந்தேன். நகரத்திலேயே 46.4 டிகிரி. அந்த ஒரு நாளின் காட்டுத்தீயில் 173 பேர் செத்தார்கள். கிங்லேக், மேரிஸ்வில், ஸ்ட்ராத்யூவன் என்று ஊர் ஊராகப் போயிற்று. என்னோடு வேலை செய்த ஒருவர் தன் சொந்தத்தில் இரண்டு பேரை இழந்தார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மனிதர்களுக்கே கட்டில் போதாத இடத்தில் நாய்க்குக் கொட்டகை, காவல், நோட்டு என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நாய் பிடிக்காதவன் இல்லை நான். வரிசை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

நெடுஞ்சாலை

தென்றல் அண்ணா, அந்த நாளை நேரில் பார்த்தவர் நீங்கள். உங்கள் வார்த்தைக்கு மதிப்பு வைத்தே பதில் எழுதுகிறேன்.

வரிசையில் மனிதர்தான் முதல். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் நாய் இல்லாமல் கிளம்ப மாட்டார். அதுதான் எங்கள் அனுபவம். அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது மீட்புப் படகில் நாயை ஏற்ற மாட்டோம் என்றார்கள். பலர் படகில் ஏறவே மறுத்தார்கள். அதன் பிறகுதான் 2006இல் சட்டம் கொண்டு வந்தார்கள், பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று. இங்கே விக்டோரியாவிலும் அவசரகால விலங்கு நலத்துக்கு அரசே தனித் திட்டம் வைத்திருக்கிறது.

கிழக்கு ஜிப்ஸ்லாந்தின் கடற்கரை ஊரான மாலகூட்டாவை நினைத்துப் பாருங்கள். 2019 டிசம்பர் 31 காலையில் வானம் இருண்டு, பிறகு ரத்தச் சிவப்பாக மாறி, ஏறக்குறைய நாலாயிரம் பேர் கடற்கரையில் ஒதுங்கினார்கள். ஒரே சாலை, அதுவும் அடைபட்டுவிட்டது. ஜனவரி 3ஆம் தேதி கடற்படையின் சூல்ஸ் கப்பல் ஏறக்குறைய ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, மறுநாள் ஹேஸ்டிங்ஸ் துறைக்கு வந்தது. அந்தக் கப்பலில் நாய்களையும் ஏற்றிக்கொண்டார்கள். மேல்தளத்தில் நாய்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். நாய் கூடாது என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் அந்தக் கரையிலேயே நின்றிருப்பார்கள்?

நாயை விட்டு வர முடியாமல் தங்கிவிட்டவர், பாதி வழியில் நாய்க்காகத் திரும்பியவர், இவர்களைத் தேடித் தீயணைப்பு வீரர் திரும்பவும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. கொட்டகை போடுவது அந்த வீரரின் உயிருக்கும் சேர்த்துத்தான்.

பனங்கூடல்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் போர். வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவித்தார்கள். மழை. இரவு முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது. சைக்கிளில் அம்மாவை இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் வீமன் என்று ஒரு நாய். சந்தி வரைக்கும் பின்னால் வந்தான். அந்தச் சனத்துக்குள் கொண்டுபோக முடியாது. அப்பா கல்லெடுத்து எறிவது போலக் கை ஓங்கினார். அவன் நின்றுவிட்டான். அவ்வளவுதான்.

அதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அப்பா சாகும் வரைக்கும் அந்தச் சந்தியைப் பற்றிக் கதைக்கவில்லை. வீட்டைப் பற்றிக் கதைப்பார், கிணற்றைப் பற்றி, முற்றத்து மாமரத்தைப் பற்றியெல்லாம் கதைப்பார். நாயைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.

2009 தீக்குப் பிறகு விட்டில்சீ பக்கம் சாப்பாட்டுப் பொதி கட்டிக் கொடுக்க நாலைந்து பேர் போனோம். அங்கே ஒரு வெள்ளைக்கார மனிதர், வயது என் அப்பாவின் வயதுதான். பொதியை வாங்கவில்லை. கையில் ஒரு வெறும் கழுத்துப்பட்டையை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. அவர் நெடுநேரம் கழித்து நாயின் பேரைச் சொன்னார். நான் வீமன் என்று சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

தென்றல் தம்பி, நீங்கள் சொல்லும் வரிசை எனக்கு விளங்குகிறது. நாய் செத்தவரிடம் மட்டும் "மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும்" என்று சொல்லிவிடாதீர்கள். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் வெளியே அழ முடியாமல் இருக்கிறார்.

தென்றல்78

ஐயா, படித்தேன். இரண்டு தடவை படித்தேன். வாயடைத்துப் போனேன்.

என் கேள்வி முழுசாகத் தீர்ந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நன்கொடைப் பணம் விஷயத்தில் இன்னும் எனக்குக் கவலை உண்டு. 2020இல் கோலாவுக்குக் கையுறை தைத்து உலகம் முழுக்கவிருந்து அனுப்பினார்கள். போதும், நிறுத்துங்கள் என்று அறிவிக்கும் அளவுக்கு வந்து குவிந்தது. அதே நேரத்தில் வீடிழந்தவர்கள் மாதக்கணக்கில் கேரவனில் கிடந்தார்கள். மனசு இளகுகிற இடத்துக்குப் பணம் ஓடுகிறது, தேவைப்படுகிற இடத்துக்கு ஓடுவதில்லை. இதை யாராவது பேசத்தான் வேண்டும்.

நெடுஞ்சாலை

இதில் உங்களோடு நான் முழுசாக ஒத்துப்போகிறேன். எங்கள் முகாமிலும் ஒரு அறை நிறைய நாய்ப் போர்வை. ஜனவரி வெயிலில்! அவற்றை அடுக்கி வைக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பணம், பெட்ரோல் அட்டை, கூண்டு வாடகை இவற்றுக்கு இழுபறி. பொருள் அனுப்ப நினைப்பவர்கள் முதலில் போன் செய்து கேளுங்கள். அதைவிட, பணமாக அனுப்புங்கள்.

மழைத்துளி

என் பக்கத்தையும் சொல்லலாமா? நான் உதவப் போனவள் இல்லை, உதவி வாங்கினவள்.

கிழக்கு ஜிப்ஸ்லாந்தில் நர்ஸாக இருந்தேன். 2019 டிசம்பர் 30 அன்று நான் பணியில், கணவர் ஊரில் இல்லை. சாலையை மூடிவிட்டார்கள், யாரையும் உள்ளே விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிளம்பும்போது எங்கள் பின்கதவைத் திறந்து விட்டுப் போனார். அந்த ஒரு காரியத்துக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மறுநாள் வீடு இல்லை. எங்கள் சிட்டு எங்கே என்றும் தெரியவில்லை.

பதினொரு நாள். முதல் மூன்று நாள் நான் கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தேன். தொலைந்த நாய்களைத் தேடித் தருகிற ஒரு தொண்டர் என்னைத் தடுத்தார். பயந்த நாய் தன் பேரைக் கேட்டாலும் ஓடும், சொந்தக்காரரைக் கண்டே ஓடும் என்றார். என் துவைக்காத பணிச் சட்டையைக் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டு வாசல் இருந்த இடத்தில், சாம்பல் இல்லாத ஓரத்தில் போட்டு, பக்கத்தில் தண்ணீரும் கோழித் துண்டும் வைத்து, ஒரு கேமராவை மரத்தில் கட்டினார். "நாய்க்கு வீடு என்பது சுவர் இல்லை, அந்த இடம்தான். திரும்பி வரும்" என்றார். ஆறாம் நாள் இரவு கேமராவில் ஒரு நிழல். ஆனால் பிடிபட்டது அங்கே இல்லை, எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில்.

அங்கிருந்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருந்தது, படித்தார்கள். அதில் பதிவாகியிருந்தது கணவரின் பழைய எண். எப்போதோ மாற்றிவிட்டோம், பதிவில் மாற்ற மறந்துவிட்டோம். முகவரியோ எரிந்துபோன வீடு. மூன்று நாள் சிட்டு அங்கே படுத்திருக்க, நான் இங்கே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தன்னார்வலப் பெண் சிட்டுவின் கவுன்சில் (உள்ளாட்சி) பதிவு எண்ணை வைத்துத் தேடி என்னைப் பிடித்தார். வருஷா வருஷம் ஏப்ரல் 10க்குள் கட்ட வேண்டிய அந்த நாய்ப் பதிவுக் கட்டணத்தை, எதுக்கு இது என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருந்தேன்!

ஒரு கசப்பும் உண்டு. சிட்டு கிடைத்த அன்று நான் அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுததை ஒருவர் படம் எடுத்து, என்னைக் கேட்காமலேயே நன்கொடைக்காக இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார். இந்தியாவில் என் அம்மா அதைப் பார்த்துத்தான் வீடு எரிந்ததைத் தெரிந்துகொண்டார். நான் அவருக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை. வேப்பமரம், தயவுசெய்து போனைப் பையிலேயே வைத்திருங்கள்.

வேப்பமரம்

அக்கா, வாசித்துவிட்டு மணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். சிட்டு அப்புறம் எப்படி இருந்தாள்? வீடே இல்லாத நிலையில் எங்கே வைத்திருந்தீர்கள்?

மழைத்துளி

அதுதான் உண்மையில் பெரிய கஷ்டம். கண்டுபிடித்ததோடு கதை முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

கிடைத்த தங்குமிடம் ஒரு மோட்டல் அறை. நாய் கூடாது. வாடகை வீடு தேடினால் வீடிழந்தவர்கள் அத்தனை பேரும் அதே வீட்டைத்தான் தேடுகிறார்கள். நாய் என்றதும் விண்ணப்பம் ஓரமாகப் போய்விடும். (2020 மார்ச்சிலிருந்து விக்டோரியாவில் சட்டம் மாறிவிட்டது. வீட்டுக்காரர் மறுக்க நினைத்தால் அவர்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நாங்கள் தேடியது அதற்குச் சில வாரம் முன்பு.) ஒரு கட்டத்தில் சிட்டுவை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போடவே போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பேனாவைக் கொடுக்கவில்லை. "கொடுத்துவிட வேண்டாம். கொஞ்ச நாள் யாராவது பார்த்துக்கொண்டால் போதுமா?" என்று கேட்டார். அப்படி ஒரு வழி இருப்பதே அப்போதுதான் தெரியும்.

மெல்பர்னின் கிழக்கே ஒரு குடும்பம் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். அவர்கள் செய்த மூன்று காரியங்களை இன்னும் நினைத்துக்கொள்வேன். தினமும் மாலை ஒரு படம் அனுப்பினார்கள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவள் பேரை மாற்றவில்லை, "சிட்டு" என்று சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். "எங்களோடு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள், இங்கேயே இருக்கட்டுமே" என்ற பேச்சை எடுக்கவே இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தவள் பழைய சிட்டு இல்லை. பக்கத்தில் யாராவது பார்பிக்யூ போட்டால் நடுங்கிச் சிறுநீர் கழித்துவிடுவாள். நான் குப்பை போடப் போனாலும் கதவைப் பிராண்டுவாள். ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே பாதையில் நடை, திட்டாமல் இருப்பது என்று மருத்துவர் சொன்னார். அவளுக்காக நான் காலை ஆறரைக்கு எழுந்தேன். இல்லையென்றால் எழுந்திருக்கவே மாட்டேன். ஒரு வருஷம் ஆனது, இரண்டு பேருக்கும்.

வேலிக்காரன்

மழைத்துளி சொன்ன "அதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்" என்பதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பிளேஸ்எய்டோடு வேலி போடப் போகிறவன். தெரியாதவர்களுக்கு: 2009 தீயில் கில்மோர் ஈஸ்டில் வேலி எரிந்துபோன ஒரு விவசாயத் தம்பதி, கெவின் பட்லரும் ரோண்டா பட்லரும், உதவிக்கு ஆள் கூப்பிட்டு ஆரம்பித்தது. இன்று தீ, வெள்ளம் எது வந்தாலும் ஊர்த் திடலில் கூடாரம், கேரவன் போட்டுத் தங்கி, பண்ணை பண்ணையாக வேலி கட்டிக் கொடுக்கிறார்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். ஒருநாள் போதும், ஒருமாதமும் இருக்கலாம்.

நாய்க்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பண்ணையில் வேலி இல்லாவிட்டால் ஆடு மாடு சாலைக்கு வரும், பண்ணை நாயை நாள் முழுக்கச் சங்கிலியில் போட வேண்டியிருக்கும். இது ஒன்று. இன்னொன்று, ஆடெல்லாம் செத்துவிட்ட பண்ணையில் கெல்பிக்கு வேலையே இல்லை. கோரியோங் பக்கத்தில் பாட்ஸி என்ற நாய் 2019இன் கடைசி நாளில் தீக்கு முன்னால் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிப் பத்திரமான வயலில் சேர்த்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஜாதி நாய் அது. அதற்கு ஓட்ட ஆடு இல்லையென்றால் வட்டம் வட்டமாகச் சுற்றும், காற்றைப் பார்த்துக் குரைக்கும். நான் போன ஒரு பண்ணையில் அந்த நாய் எங்கள் கம்பிச் சுருளை ஆடு போல வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை. ஐந்து வாரம் கழித்துப் புது வேலிக்குள் முதலில் நாற்பது ஆடு வந்த அன்று எங்களைக் கூப்பிட்டார். நாய் ஓட்டுவதைக் காட்டத்தான் கூப்பிட்டார்.

முக்கியமான ஒன்று, இது பலருக்குத் தெரியாது. இங்கே பச்சை நிறத்தில் பதப்படுத்திய மரக்கம்பங்களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றியிருப்பார்கள். கம்பம் எரிந்தால் ஆர்சனிக் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பல் உப்புக் கரிக்கும் என்பதால் மாடும் நாயும் நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் விஷம். எரிந்த கம்பம் இருக்கிற பக்கம் நாயை அவிழ்த்து விடாதீர்கள். அதுபோலப் பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. வீடு இருந்த இடத்தைச் சுத்தம் செய்து சான்று கொடுக்கும் வரை நாயை உள்ளே கூட்டிப் போக வேண்டாம். நீங்களும் பூட்ஸ் இல்லாமல் வெறும் செருப்போடு போகாதீர்கள்.

கால்நடை_மருத்துவச்சி

ஆர்சனிக் பற்றிச் சொன்னது மிகச் சரி. மழைத்தொட்டித் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரையில் விழுந்த சாம்பல் முதல் மழையோடு தொட்டிக்குள் போயிருக்கும்.

வேலிக்காரன் கெல்பியைச் சொன்னதும் எனக்கு 'பேர்' (Bear, அதாவது கரடி) என்று பெயர் வைத்த ஒரு நாய் நினைவுக்கு வந்தது. 'கூலி' (Koolie) என்ற ஆஸ்திரேலிய இனம். ஒரே பிடிவாதம், பந்து பந்து என்று உயிரை வாங்குகிறது என்று வளர்த்தவர்களே கொடுத்துவிட்ட நாய். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தார் அதே பிடிவாதத்தைப் பயன்படுத்தி கோலாவை மோப்பம் பிடிக்கப் பழக்கினார்கள். 2019-20 தீக்குப் பிறகு பாதத்தில் சிறிய காலுறை மாட்டிக்கொண்டு எரிந்த காட்டுக்குள் நடந்து, நூறுக்கும் மேற்பட்ட கோலாக்களைக் கண்டுபிடிக்க உதவியது. கண்டுபிடித்தால் சம்பளம் ஒரு பந்து. யாருக்கும் வேண்டாம் என்று போன நாய்!

தென்றல்78

நடைமுறைக் கேள்வி ஒன்று. என் மகள் வீட்டில் இரண்டு நாய் இருக்கிறது, டாண்டனாங் மலைப் பக்கம். அவர்களிடம் என்ன சொல்ல?

நெடுஞ்சாலை

சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள் அண்ணா. அதைவிடப் பெரிய ஆலோசனை இல்லை. தீ ஆபத்து அளவு "பேரழிவு" என்று அறிவித்தால், அன்று காலையிலேயோ முந்தின இரவிலோ நாய்களோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடட்டும். தீ தெரிந்த பிறகு கிளம்பினால், பயந்த நாய் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வராது. அந்தப் பத்து நிமிடம்தான் ஆளைக் கொல்லும். விக்எமர்ஜென்சி செயலியில் அவர்கள் பகுதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

பையில் கயிறு, மருந்து, ஒரு வாரச் சாப்பாடு, தடுப்பூசிச் சான்று, நாயோடு அவர்கள் சேர்ந்து நிற்கிற ஒரு படம். இந்தப் படம் எதற்கென்றால், நாளைக்கு இது என் நாய்தான் என்று காட்ட. எப்படியும் நாயைக் கொண்டுவர முடியாமல் போனால், கட்டிப்போட மட்டும் கூடாது. குளியலறை மாதிரி ஓடு பதித்த, சின்ன ஜன்னல் உள்ள அறைக்குள் தண்ணீரோடு விட வேண்டும். பாத்திரம் உலோகமாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும்.

தென்றல்78

சரி தம்பி. இன்றைக்கே பேசுகிறேன். என் வீட்டுப் பின்கட்டில் வேலி கொஞ்சம் சரிந்திருக்கிறது, இரண்டு நாய் வந்தால் தாண்டிவிடும். சனிக்கிழமை அதைச் சரி செய்கிறேன்.

வேப்பமரம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முதல் பயிற்சி முடிந்தது. நாய்க் கூண்டு மடிப்பது, பதிவேடு எழுதுவது, சிப் படிக்கும் கருவியைத் தோளிலிருந்து மெதுவாக நகர்த்துவது இவ்வளவுதான் சொல்லித் தந்தார்கள். இரவுக் காவலுக்கு ஆள் கேட்டபோது என் பேரைக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தூக்கம் குறைவு, அது ஒரு உபயோகமாகட்டும்.

பயிற்சிக்கு மணியை மாதிரிக்காகக் கூட்டிப் போயிருந்தேன். அவன் சிப்பைப் படித்து, பதிவில் தேடிப் பார்த்தால், நாங்கள் ஏழு வருஷத்துக்கு முன் இருந்த வாடகை வீட்டு முகவரி! அங்கேயே நின்று மாற்றினேன். மழைத்துளி அக்கா, உங்களால்தான்.

பனங்கூடல்

நல்லது பிள்ளை. இரண்டாவது எண் என்று ஒரு இடம் இருக்கும், பார்த்தீர்களா? அதில் உங்கள் கணவரின் எண்ணைப் போட வேண்டாம். தீ வந்தால் இரண்டு பேருடைய போனும் ஒரே இடத்தில்தான் இருக்கும். உங்கள் ஊருக்கு வெளியில் இருக்கிற ஒருவரின் எண்ணைப் போடுங்கள். ஆள் இல்லை என்றால் என்னுடையதைத் தனிமடலில் அனுப்புகிறேன். நான் இருப்பது ஜீலோங்கில்.

வேப்பமரம்

அனுப்புங்கள் ஐயா. இன்று இரவே போட்டுவிடுகிறேன்.